க்ளூட்டன் இல்லாத ஜாம் குக்கீ, கிறிஸ்துமஸுக்கு: மாவு பரவுது, ஜாம் பொங்குது, எங்கே தப்பு?

மதிய_டீ · டிச. 6, மாலை 4.10

நடுவில் குழி வைத்து ஜாம் விடுகிற குக்கீ. சாப்பிடப் போகிறவருக்கு சீலியாக் (கோதுமை, பார்லியில் இருக்கிற க்ளூட்டன் என்கிற புரதம் குடலைக் கெடுக்கிற நோய்), டாக்டர் உறுதி செய்தது. அதனால் "கொஞ்சூண்டு மைதா சேர்த்தா ஒண்ணும் ஆகாது" வகை பதில்கள் தயவுசெய்து வேண்டாம்.

முதல் ட்ரேயில் போட்டது: மைதா ரெசிபியில் மைதாவை மட்டும் தூக்கிவிட்டு அதே 200 கிராம் கடை அரிசி மாவு. வெண்ணெய் 130, சர்க்கரை 100 (பொடிக்காதது), முழு முட்டை 1, பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன். 28 லிட்டர் ஓடிஜி (மேலும் கீழும் ராடு உள்ள மேஜை ஓவன்), 180 டிகிரி, 15 நிமிஷம். ஜாமைப் பச்சை மாவிலேயே வைத்தாச்சு.

வந்தது: ஒன்றோடொன்று ஒட்டின அப்பளம். எடுத்தால் நொறுங்குது. வாயில் மணல். ஜாம் பொங்கி வழிந்து ஓரத்தில் கருகிப்போச்சு. எதை முதலில் மாற்றணும்?

குழிக்கரண்டி · டிச. 6, மாலை 5.32

இது ஒரு தப்பு இல்லை, நாலு தப்பு. தனித்தனியா பார்த்தா பயமில்லை.

பரவினது: நீங்க மாற்றினது மாவை மட்டும். ஆனா மைதா தண்ணீரைச் சட்டுனு இழுத்துக்கும், அரிசி மாவு நிதானமா இழுக்கும். முட்டையில் இருக்கிற தண்ணீர் பிடிபடாம மாவுக்குள்ள சும்மா கிடக்கும்போதே வெண்ணெயும் உருகுது, தாங்கிப் பிடிக்க ஒண்ணுமில்லை, ஓடிப்போகும். பொடிக்காத சர்க்கரை சூட்டில் பாகா மாறி இன்னும் இழுத்துட்டுப் போகும். பேக்கிங் பவுடர் வேற. குழி வைக்கிற குக்கீக்கு அது எதுக்கு? மாவு உப்பி எழும்பினா குழி மூடிக்கும். எடுத்துடுங்க.

மணல்: அரிசி மாவு ரொம்ப நைஸா இல்லைன்னா குக்கீயில் வேகவே வேகாது. இட்லியில் வேகுதேன்னு கேட்காதீங்க, அங்க தண்ணீர் தாராளம். குக்கீ மாவில் இருக்கிற கொஞ்சத் தண்ணீரை சர்க்கரை பிடிச்சு வச்சுக்கும், அரிசிக்கு மிச்சமே இருக்காது. அரிசித் துகள் எந்த அளவில் உள்ளே போச்சோ அதே அளவில் பல்லில் படும்.

நொறுங்கினது: பாதி மாவு, பாதி அவசரம். சூடா இருக்கும்போது எந்த க்ளூட்டன் இல்லாத குக்கீயும் நிக்காது. ட்ரேயிலேயே 15 நிமிஷம் விடணும்.

ஜாம்: அதுக்குத் தனியா எழுதணும்.

ஒரு விஷயம் மனசில் வச்சுக்கோங்க. ரொட்டி, பரோட்டாவுக்குத்தான் க்ளூட்டன் உயிர். இந்த மாதிரிப் பொலபொல குக்கீயில் மைதா போடும்போதே க்ளூட்டன் இழுபடக் கூடாதுன்னுதான் மாவைப் பிசையாம விடுறோம். அதனால க்ளூட்டன் போனது பெரிய நஷ்டமில்லை. தண்ணீரும் கொழுப்பும் எங்க போகுதுன்னு பார்த்தா போதும்.

குழிக்கரண்டி · டிச. 6, மாலை 6.20

அளவு. தராசு இல்லாம இதில் இறங்காதீங்க. அதே கப்பில் பாதாம் மாவு சுமார் 100 கிராம், அரிசி மாவு சுமார் 150 கிராம் நிக்கும். கப் கணக்கில் மாவு மாத்துறதில்தான் பாதி பேருக்குத் தப்புது.

தோல் நீக்கின பாதாம் மாவு 150 கிராம்
நைஸ் அரிசி மாவு 60
கார்ன்ஃப்ளார் 40 (வெள்ளை ஸ்டார்ச், மஞ்சள் மக்காச்சோள மாவு இல்லை)
உப்பில்லாத வெண்ணெய் 90
பொடித்த சர்க்கரை 70
முட்டை மஞ்சள் கரு 1 (சுமார் 18 கிராம்)
உப்பு கால் டீஸ்பூன், வெனிலா 1 டீஸ்பூன், எலுமிச்சைத் தோல் துருவல் இருந்தா பாதிப் பழத்துக்கு

மொத்தம் 430 கிராம் சொச்சம். 18 கிராம் உருண்டையா எடுத்தா 24 வரும்.

வெண்ணெய் 130-லிருந்து 90-க்கு இறங்கினதைப் பார்த்து யாரும் பதறவேண்டாம். பாதாமில் பாதிக்குப் பாதி எண்ணெய்தான். அந்த 150 கிராமில் 75 கிராம் கொழுப்பு ஏற்கெனவே உள்ள வந்தாச்சு.

வெண்ணெயும் சர்க்கரையும் கலந்தா போதும், ஒரு நிமிஷம். வெளுத்து நுரைக்கிற வரைக்கும் அடிச்சா காற்று ஏறி மறுபடி பரவும். மஞ்சள் கரு, வெனிலா சேர்த்து ஒரு கலக்கு. மாவுகளை ஒண்ணா மூணு தடவை சலிச்சுக் கொட்டி, ஸ்பாட்டுலாவால் சேருங்க. மூடி 30 நிமிஷம் வெளியவே வைங்க, அரிசி தண்ணீரை இழுத்துக்க இந்த நேரம் வேணும். தொட்டா விரலில் ஒட்டக் கூடாது, அமுக்கினா பிளக்கவும் கூடாது, அதுதான் பதம்.

அப்புறம் உருட்டி, குழி போட்டு, ட்ரேயோட ஃப்ரிட்ஜில் 30 நிமிஷம். குழி போட்டபிறகுதான் குளிர்விக்கணும். குளிர்ந்த உருண்டையில் விரலை வச்சா ஓரமெல்லாம் ரோஜாப்பூ மாதிரி விரியும்.

170 டிகிரி, நடு ரேக், மேல் கீழ் ரெண்டு ராடும். 15 நிமிஷம் முன்சூடு. வெறும் குழியோட 9 நிமிஷம், வெளிய எடுத்து கால் டீஸ்பூன் அளவுக் கரண்டியின் முதுகால் குழியை மெல்ல ஒரு அமுக்கு, ஜாம் அரை டீஸ்பூன், மறுபடி 5 நிமிஷம். ஓரம் இளம் பொன்னிறம், நடு வெளுப்பாத்தான் இருக்கும். நிறம் வரட்டும்னு காத்திருந்தா அடி போயிடும்.

கல்லுரல் · டிச. 6, இரவு 8.05

அளவு அருமை. ஆனால் சீலியாக் என்று எழுதியிருப்பதால் மாவு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பேச வேண்டும்.

ஒன்று, தெருமுனை மில்லில் அரைத்த அரிசி மாவு ஆகாது. முந்தின ஆள் கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில்தான் பெரும்பாலும் நம் அரிசியும் விழும். தனி இயந்திரம் இருந்தாலும் கோதுமைத் தூசி அந்த அறை முழுக்க இருக்கும். "க்ளூட்டன் இல்லை" என்று அச்சடித்த பாக்கெட் வாங்குங்கள். நம் உணவுப் பாதுகாப்பு விதிப்படி அப்படி அச்சிட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் க்ளூட்டன் இருக்கக் கூடாது. பச்சரிசியை வீட்டிலேயே ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மிக்ஸியில் அரைப்பது இன்னொரு வழி. மிக்ஸி ஜாரின் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவிய பிறகு.

இரண்டு, சல்லடை. வீட்டில் கோதுமை மாவு சலிக்கிற சல்லடையின் கண்ணில் அடைந்திருப்பதை எவ்வளவு கழுவினாலும் எடுக்க முடியாது. புதுச் சல்லடை. அதேபோல் மரச் சாமான்: சப்பாத்திப் பலகை, பூரிக்கட்டை, மரக்கரண்டி. ஸ்டீலும் கண்ணாடியும் சோப்புப் போட்டுத் தேய்த்தால் போதும்.

மூன்று, யாரும் நினைக்காத இடம், ஜாம் பாட்டில். பிரெட்டில் தடவின கத்தி திரும்பத் திரும்ப உள்ளே போயிருக்கும். வெண்ணெய் டப்பாவும் அப்படித்தான். இரண்டையும் புதிதாகப் பிரியுங்கள்.

நான்கு, லேபிள். பேக்கிங் பவுடர், ஐசிங் சுகர், கஸ்டர்ட் பவுடர் மூன்றிலும் ஸ்டார்ச் இருக்கும். பெரும்பாலும் மக்காச்சோளம்தான், ஆனாலும் படித்துவிடுங்கள். மால்ட் என்று கண்டால் அது பெரும்பாலும் பார்லி, கீழே வையுங்கள். ஓட்ஸில் கோதுமை கலப்பது சகஜம், சான்றில்லாத ஓட்ஸ் வேண்டாம். குக்கீக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் அதே சமையலறை என்பதால் சொல்கிறேன்: கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ சேர்ப்பது வழக்கம்.

அன்றைக்கே வீட்டில் மைதா கேக்கும் செய்வதாக இருந்தால் குக்கீ முதலில், கேக் பிறகு. காற்றில் பறக்கிற மாவு அடங்க நேரம் எடுக்கும்.

மதிய_டீ · டிச. 6, இரவு 8.40

ஜாம் பாட்டில் தோணவே இல்லை. நன்றி சார். ரெண்டு கேள்வி. கடையில் "சோள மாவு"ன்னு கேட்டா சிவப்பா ஒண்ணு தர்றாங்க, அது ஓகேவா? பாதாம் மாவு விலை கிலோவுக்குக் கண்ணைக் கட்டுது, வீட்டில் அரைக்கலாமா?

குழிக்கரண்டி · டிச. 6, இரவு 9.15

கடைக்காரர் மேல தப்பில்லை. சோளம்னா நம்ம வெள்ளைச் சோளம், சிவப்புச் சோளம். மக்காச்சோளம் வேற. அதோட ஸ்டார்ச்சுக்குத்தான் நாம "சோள மாவு"ன்னு பேர் வச்சுக் குழப்பிட்டோம். கார்ன்ஃப்ளார்னே கேளுங்க. கையில் எடுத்து அமுக்கினா நறுக் நறுக்னு சத்தம் வரும், அதுதான். சிவப்புச் சோள மாவிலும் க்ளூட்டன் இல்லை, அரிசி மாவுக்குப் பதிலா 60 கிராம் போடலாம். கார்ன்ஃப்ளாருக்குப் பதிலா போட்டா மட்டும் குக்கீ கல்லாகும்.

பாதாம் தாராளமா அரைக்கலாம். கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிஷம், தோலை உருவி, துணியில் துடைச்சு, 80 டிகிரி ஓவனில் 20-25 நிமிஷம். டிசம்பர் மழைக்கு வெளியில் காயாது, நம்பாதீங்க. முழுக்க ஆறினபிறகு, ரெசிபியில் இருக்கிற 40 கிராம் கார்ன்ஃப்ளாரையும் அதோட சேர்த்து மிக்ஸியில் 2 விநாடி, நிறுத்து, 2 விநாடி, நிறுத்து. சும்மா ஓட விட்டீங்கன்னா பாதாம் வெண்ணெய்தான் கிடைக்கும். ஸ்டார்ச் அந்த எண்ணெயை இழுத்துக்கும். சலிச்சு, கப்பியை மறுபடி அரைங்க.

செலவு குறையணும்னா முந்திரி உடைசல். குக்கீ இன்னும் மிருதுவா, கொஞ்சம் இனிப்பா வரும். சீக்கிரம் சிவக்கும், 160-ல் வைங்க. நிலக்கடலை போட்டா ஜாம் ருசியே தெரியாது, எனக்குப் பிடிக்கலை.

கோடம்பாக்கம்_ஓவன் · டிச. 7, காலை 7.20

ஜாமை ஓவனுக்குள்ளே விடுகிற வேலையே வேண்டாம் என்பது என் கட்சி. முழுசாக 14 நிமிஷம் வெறுமனே பேக் செய்து, ஆறவிட்டு, ஜாமைச் சூடாக்கி ஊற்றினால் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும். ஓவனுக்குள் போன ஜாம் மங்கி, ரப்பராக இழுக்கிறது. கடை ஜாமில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. ஓவன் 170-ல் இருக்கிறது. பொங்காமல் என்ன செய்யும்?

குழிக்கரண்டி · டிச. 7, காலை 9.02

அழகுக்கு உங்க வழி சரி. ஆனா அந்த ஜாம் மேல் தோல் கட்டாது, டப்பாவில் அடுக்கினா மேல் குக்கீயின் அடியில் ஒட்டிக்கும். ஓவனில் 5 நிமிஷம் போனா மேல ஒரு மெல்லிய ஆடை விழும், அடுக்கலாம். ஊருக்கு அனுப்புறவங்களுக்கு அதுதான் முக்கியம்.

பொங்குறதுக்கு ரெண்டு காரணம். ஜாம் தண்ணியா இருக்கறது, குழியை முட்ட நிரப்புறது. கொதிச்சா குமிழி எழும்ப இடம் வேணும், குழியில் முக்கால்தான் விடணும். ஜாமைப் பச்சை மாவில் ஆரம்பத்திலேயே விட்டா இன்னொரு தொல்லை: அதோட ஈரம் அடியில் இறங்கி அந்த இடம் மட்டும் வேகாம கொழகொழன்னு நிக்கும். அதனாலதான் 9 நிமிஷம் கழிச்சு.

ஜாமைச் சுண்டவைக்கிற கணக்கு: 120 கிராம் ஜாம், 1 டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, அடி கனமான சின்னப் பாத்திரம், சிறு தீ, 3-4 நிமிஷம். பாத்திரத்தோட எடை போட்டுப் பாருங்க, 15 கிராம் குறைஞ்சிருந்தா போதும். ஃப்ரீசரில் வச்ச தட்டில் ஒரு சொட்டு விட்டு ஒரு நிமிஷம் கழிச்சு விரலால் தள்ளினா சுருக்கம் விழணும். அதுக்கு மேல போனா ஆறினதும் மிட்டாய்தான், பல்லைப் பிடுங்கும்.

கோடம்பாக்கம்_ஓவன் · டிச. 7, காலை 9.30

சுண்டவைத்து விட்டால் ஒப்புக்கொள்கிறேன். பாட்டிலிலிருந்து நேரே என்றால் இல்லை. சர்க்கரை குறைத்த ஜாம் என்று விற்கிறார்களே, அதை எப்படியும் ஓவனுக்குள் விடாதீர்கள். அதில் சர்க்கரையின் இடத்தில் தண்ணீரும் பசையும்தான், கொதித்து வற்றிக் குழியில் கறையாக நிற்கும். அதை பேக் செய்து ஆறின பிறகு, அன்றைக்குச் சாப்பிடப் போவதற்கு மட்டும்.

மிக்ஸ்டு ஃப்ரூட் ஜாம் எல்லாவற்றிலும் சுலபம். அன்னாசி தண்ணீர் விடும், 6 நிமிஷமாவது சுண்டவேண்டும். துண்டு துண்டாகப் பழம் இருக்கிற ஜாமை மத்தால் மசித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அரை டீஸ்பூனில் ஒரு குக்கீக்குப் பழமும் அடுத்ததற்குப் பாகும் போகும்.

ரொரன்ரோ_குளிர் · டிச. 7, இரவு 10.15

இங்கை கனடாவிலை இருக்கிற ஆக்களுக்கு ஒரு குறிப்பு. பாதாம் மா ரெண்டு விதமா விக்கினம். ஆல்மண்ட் ஃப்ளவர் எண்டால் தோல் நீக்கி நைசா அரைச்சது. ஆல்மண்ட் மீல் எண்டால் தோலோடை, கரடுமுரடு. இந்த ரெசிபிக்கு முதலாவதுதான். ரெண்டாவதைப் போட்டால் எண்ணெய் கசிஞ்சு பரவும், வெடிப்பும் விழும். தேங்காய் மாவை பாதாம் மாவுக்குப் பதிலா சம அளவிலை போடாதேங்கோ, அது ஈரத்தை எல்லாம் உறிஞ்சிப் புட்டு மாதிரி உதிர்ந்து போகும்.

க்ளூட்டன் ஃப்ரீ கலவை மா எண்டு பைக்கற்றிலை வாறதிலை சாந்தன் கம் (மாவை ஒட்டிப் பிடிக்கிற பசைத் தூள்) பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். திருப்பிப் போட்டால் சவ்வு மாதிரி வரும். பின்பக்கத்தைப் பாருங்கோ.

இன்னொண்டு. குழி வைக்கிறதுக்குப் பதிலா ரெண்டு வட்டத்துக்கு நடுவிலை ஜாம் வைக்கிற லின்ஸர் குக்கீ செய்து பாக்கலாம். ஒஸ்ரியாவிலை லின்ஸ் எண்ட ஊரின்ரை பேர். அந்த ஊர் லின்ஸர் டோர்ட்டின்ரை செய்முறை 1653ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதி ஒண்டிலை இருக்கு. அதிலையும் கொட்டை மாவுதான் பிரதானம், ஆனபடியால் கோதுமையை எடுத்தாலும் அதின்ரை குணம் மாறாது. மேலை சொன்ன அதே மாவை ரெண்டு பேக்கிங் பேப்பருக்கு நடுவிலை 4 மில்லிமீற்றருக்கு உருட்டி, அப்பிடியே ஃப்ரீசரிலை 15 நிமிசம் வைச்சு, பிறகு 5 சென்ரிமீற்றர் வட்டமா வெட்டுங்கோ. பாதி வட்டத்துக்கு நடுவிலை ஓட்டை. 165 பாகையிலை 10-11 நிமிசம். நல்லா ஆறினாப் பிறகு ஜாம்.

மதிய_டீ · டிச. 8, காலை 11.00

லின்ஸர் அடுத்த வருஷத்துக்கு. இப்ப குழியே போதும் :)

முட்டை_வேண்டாம் · டிச. 8, மதியம் 1.25

முட்டை இல்லாமல் என்ன செய்வது? வெண்ணெய்க்குப் பதில் நெய் போடலாமா? நெய் பிஸ்கட் மாதிரி வாசனையாக இருக்குமே.

கல்லுரல் · டிச. 8, மதியம் 2.10

மஞ்சள் கரு ஒன்றுக்கு: காய்ச்சி ஆறவைத்த பால் 20 மில்லி, இசப்கோல் உமி அரை டீஸ்பூன். கலந்து 5 நிமிடம் விட்டால் கூழாகும், அதைச் சேருங்கள். உமி கூடிவிட்டால் குக்கீ ஈரமாகவே நிற்கும், அளவு தாண்டாதீர்கள். மஞ்சள் நிறம் வேண்டுமென்றால் 40 கிராம் கார்ன்ஃப்ளாரில் 10 கிராமை எடுத்துவிட்டு வெனிலா கஸ்டர்ட் பவுடர் போடலாம்.

நெய் போடலாம், ஆனால் 90 கிராம் அல்ல. வெண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குதான் கொழுப்பு, மீதி பெரும்பாலும் தண்ணீர். நெய் முழுக்கக் கொழுப்பு. 72 கிராம் நெய், ஒரு டேபிள்ஸ்பூன் பால். பாலை விட்டுவிட்டால் மாவு சேராது, வாயில் வைத்தவுடன் தூளாகும். நான்கட்டாய்க்கு அது அழகு, ஜாம் தாங்க வேண்டிய குழிக்கு ஆகாது. நெய் உறைந்த பதத்தில் இருக்க வேண்டும், உருக்கி ஊற்றக் கூடாது.

குழிக்கரண்டி · டிச. 8, மதியம் 2.45

நெய்யோட கடலை மாவும் சேரும். அரிசி மாவு 60-க்குப் பதிலா 30 அரிசி, 30 கடலை மாவு. கடலை மாவை வெறும் வாணலியில் பச்சை வாசம் போகிற வரைக்கும் வறுத்து ஆறவச்சுப் போடணும், இல்லைன்னா குக்கீ பஜ்ஜி வாசனை அடிக்கும். ஏலக்காய் இதுக்குத்தான் பொருந்தும், எலுமிச்சைத் தோல் இல்லை.

பள்ளி_டிபன் · டிச. 9, காலை 6.50

பாதாம், முந்திரி எதுவுமே ஆகாதவங்களுக்கு? ஸ்கூலில் கொட்டை வகை கொண்டுவரக் கூடாதுன்னு சொல்றாங்க.

குழிக்கரண்டி · டிச. 9, காலை 8.30

அது கொஞ்சம் கஷ்டமான ரகம், ஆனா வரும்.

நைஸ் அரிசி மாவு 120, கார்ன்ஃப்ளார் 60, மரவள்ளி ஸ்டார்ச் 20, வெண்ணெய் 110, பொடித்த சர்க்கரை 70, மஞ்சள் கரு 1, பால் 1 டேபிள்ஸ்பூன், சாந்தன் கம் அரை டீஸ்பூன், உப்பு. ஊறவைக்கிற நேரம் 30 நிமிஷம் இல்லை, ஒரு மணி. மீதியெல்லாம் அதே மாதிரி.

ஸ்டார்ச்னு சொன்னா ஸ்டார்ச்தான். ஜவ்வரிசியை மிக்ஸியில் பொடிச்சுப் போட்டா நறநறக்கும், அது ஏற்கெனவே பாதி வெந்து காய்ஞ்ச உருண்டை.

கோடம்பாக்கம்_ஓவன் · டிச. 9, காலை 9.10

சாந்தன் கம் இங்கே தேவையா? குக்கீக்கு ஸ்டார்ச்சும் மஞ்சள் கருவும் போதும். கம் போட்டால் அந்த வழுக்கல் வந்துவிடும்.

குழிக்கரண்டி · டிச. 9, காலை 9.40

பாதாம் குக்கீக்குத் தேவையில்லை, நான் போடவும் சொல்லலை. பாதாமின் புரதமும் எண்ணெயுமே பிடிச்சுக்கும். அரிசியும் ஸ்டார்ச்சும் மட்டும்னா பிடிக்க ஆளில்லை, டிபன் டப்பாவில் ஆட்டம் கண்டதும் பொடியாகும். 200 கிராம் மாவுக்கு அரை டீஸ்பூன், அதுக்கு மேல ஒரு சிட்டிகைகூடக் கூடாது. வழுக்கல் வர்றது ஒரு டீஸ்பூன் அள்ளிப் போடுறவங்களுக்கு. மாவோட சலிச்சுச் சேர்க்கணும், ஈரத்தில் நேரா போட்டா கட்டி கட்டியா நிக்கும்.

கோடம்பாக்கம்_ஓவன் · டிச. 9, காலை 10.05

உடனே சாப்பிடுவதென்றால் இல்லாமலே செய்வேன். டிபன் டப்பா என்றால் சரி, போடுங்கள்.

ரொரன்ரோ_குளிர் · டிச. 9, இரவு 9.30

இடியப்ப மா பாவிக்கலாமோ? அது நைசா இருக்குமே.

கல்லுரல் · டிச. 10, காலை 7.15

நைஸ் என்பது உண்மை, ஆனால் கடை இடியப்ப மாவு பெரும்பாலும் வறுத்தது. வறுத்த மாவில் ஈரமே இருக்காது, கூடுதலாகத் தண்ணீர் இழுக்கும். போடுவதானால் இரண்டு டீஸ்பூன் பால் கூட்டி, ஊறும் நேரத்தை 45 நிமிடமாக்குங்கள். உங்கள் பக்கம் சிவப்பரிசி இடியப்ப மா கிடைக்கும் அல்லவா, அது நிறமும் வாசனையும் கொடுக்கும். கேழ்வரகு மாவும் அதே 60 கிராமுக்கு நிற்கும். குக்கீ கறுப்பாக இருப்பதால் வெந்ததைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, கடிகாரத்தைப் பார்த்து எடுக்க வேண்டும்.

மதிய_டீ · டிச. 13, மாலை 5.45

பாதாம் ரெசிபி, கடைப் பாதாம் மாவு. பரவலை, நொறுங்கலை, மணல் இல்லை. மிச்சம் மூணு குறை:

குழி போடும்போது ஓரத்தில் வெடிப்பு, 24-ல் எட்டுக்கு. அடி கருஞ்சிவப்பு, மேல வெளுப்பு. கடைசியா உருட்டின ஆறு மட்டும் லேசா பரவிடுச்சு.

குழிக்கரண்டி · டிச. 13, மாலை 6.30

கடைசி ஆறு பரவினது மாவால் இல்லை, நேரத்தால. உருட்டிக்கிட்டு இருக்கும்போதே வெண்ணெய் இளகிப்போச்சு. சமையல் புத்தகத்தில் "அறை வெப்பநிலை வெண்ணெய்"னு போட்டிருப்பாங்க, அது 18-20 டிகிரி ஊர்க்காரங்க எழுதினது. நம்ம சமையலறை 30. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து 10-15 நிமிஷம், விரல் வச்சா பள்ளம் விழணும், ஆனா விரல் வழுக்கக் கூடாது. மாவை ரெண்டு பங்காக்கி ஒண்ணை உள்ள வச்சுட்டு மத்ததை உருட்டுங்க. குழி போட்ட எல்லாத்தையும் ஒண்ணாக் குளிரவைங்க.

வெடிப்பு: உள்ளங்கையில் அமுக்கி உருட்டி, மேல ஒரு கீறலும் தெரியாம மொழுமொழுன்னு ஆனபிறகுதான் குழி. கட்டைவிரலால் ஒரே குத்தா குத்தாதீங்க. இடது கையால் பக்கத்தை அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு, கரண்டி முதுகால் ரெண்டு மூணு தடவையா இறக்கணும். அடியில் அரை சென்டிமீட்டர் மாவு மிச்சம் நிக்கட்டும். அப்பவும் பிளந்தா மாவு வறண்டிருக்கு, மீதி மாவுக்கு ஒரு டீஸ்பூன் பால்.

கோடம்பாக்கம்_ஓவன் · டிச. 13, இரவு 7.00

அடி சிவப்பது ஓடிஜியின் பிறவிக்குணம். கீழ் ராடு ட்ரேக்கு ரொம்ப அருகில். கூட வந்த கறுப்பு ட்ரே சூட்டை இன்னும் இழுக்கும். வெளிர் நிற அலுமினிய ட்ரே வாங்குங்கள், அல்லது இரண்டு ட்ரேயை ஒன்றன் மேல் ஒன்று வைத்து மேலே பேக்கிங் பேப்பர். மெழுகு பூசின தாள் வேண்டாம், புகையும். ரேக்கை ஒரு படி உயர்த்துங்கள். ஒரு ஓவன் தெர்மாமீட்டரும் வாங்கிவிடுங்கள். திருகில் 170 என்று இருந்தால் உள்ளே 190 இருப்பது சர்வசாதாரணம், பாதாம் மாவு அந்த 20 டிகிரியை மன்னிக்காது.

கன்வெக்ஷன் மைக்ரோவேவ் வைத்திருப்பவர்கள் 160-ல் வையுங்கள். ஃபேன் காற்றுக்கு ஓரம் சீக்கிரம் காயும், 12 நிமிஷத்திலிருந்தே எட்டிப் பாருங்கள்.

மதிய_டீ · டிச. 13, இரவு 7.40

கடைசிச் சந்தேகம். 24-ம் தேதி கொடுக்கணும். எத்தனை நாள் முன்னாடி செய்யலாம்? பஸ்ஸில் போகும்.

குழிக்கரண்டி · டிச. 13, இரவு 8.20

ஜாம் விட்ட குக்கீ முதல் நாள் மொறுமொறு, ரெண்டாம் நாள் மிருது, நாலாம் நாளுக்கு மேல மழைக்கால பிஸ்கட். ஜாமின் ஈரம் மெதுவா மாவுக்குள்ள இறங்கிக்கிட்டே இருக்கும், அதைத் தடுக்க முடியாது. அதனால உருண்டையைக் குழியோட இன்னைக்கே ஃப்ரீஸ் பண்ணுங்க. ட்ரேயில் கல்லாகிற வரைக்கும் விட்டு, அப்புறம் பையில். ஒரு மாசம் தாங்கும். 23-ம் தேதி காலையில் ஃப்ரீசரிலிருந்து நேரா ஓவன், இளகவிட வேண்டாம், முதல் கட்டத்துக்கு 9-க்குப் பதிலா 11 நிமிஷம்.

முழுக்க ஆற ரெண்டு மணி நேரம் விடுங்க. வெதுவெதுப்பா மூடினா மூடியில் வியர்த்துச் சொட்டும். டின்னில் ஒரு வரிசை, பேக்கிங் பேப்பர், ஒரு வரிசை, மூணுக்கு மேல வேண்டாம். பஸ்ஸுக்குன்னா ஒவ்வொண்ணையும் சின்ன காகித மஃபின் கப்பில் உட்கார வைங்க. ஸ்வீடனில் இதே குக்கீயை ஹல்லோன்கிரோட்டான்னு சொல்லி, அதாவது ராஸ்பெர்ரிக் குகை, காகிதக் கப்பிலேயே வச்சுத்தான் பேக் பண்றாங்க. பரவினாலும் கப்பு தாங்கும்.

கல்லுரல் · டிச. 13, இரவு 8.45

டின்னும் புதிது, அல்லது சூடான சோப்புத் தண்ணீரில் கழுவியது. பழைய பிஸ்கட் டின்னின் மூலையில் தூள் ஒளிந்திருக்கும். மூடியில் பெயர் எழுதி ஒட்டுங்கள். மற்ற பலகாரத் தட்டில் கலந்து வைத்தால் முறுக்கு எடுத்த கையும் மைதா கேக் எடுத்த கையும் இதிலேயும் வரும்.

மதிய_டீ · டிச. 13, இரவு 9.05

மேல ஐசிங் சுகர் தூவினா பனி மாதிரி இருக்குமே, எப்ப தூவணும்?

கோடம்பாக்கம்_ஓவன் · டிச. 13, இரவு 9.12

இரண்டாவது முறை ஓவனிலிருந்து எடுத்து முழுக்க ஆறின பிறகு, ஓரத்தில் மட்டும். ஜாமில் விழுந்தது பத்து நிமிஷத்தில் கரைந்து மங்கலாகிவிடும். குழியை ஒரு பாட்டில் மூடியால் மறைத்துக்கொண்டு டீ வடிகட்டியில் தூவுங்கள். பஸ்ஸில் போவதற்குத் தூவவே வேண்டாம், போய்ச் சேர்ந்த இடத்தில் தூவச் சொல்லி ஒரு சின்னப் பொட்டலம் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.

கல்லுரல் · டிச. 13, இரவு 9.14

வடிகட்டியும் புதிது.